பரணில் கிடக்கும் மாடல் கிட்டுக்கு என்ன விலை சொல்லலாம்?

கும்பகோணம் வாசகி: சித்தப்பா ஒட்டாமலே விட்டுப்போன கிட்டுகள், அதாவது பாகங்களை ஒட்டிச் சேர்த்துச் செய்யும் பிளாஸ்டிக் மாடல்கள், இருக்கின்றன. ஈபேயில் ஒரே கிட்டுக்கு ஆளுக்கொரு விலை போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

கேட்கிற விலை எதையுமே நம்பாதீர்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி அங்கேயே இருக்கிறது, அதில் கடைசி நாலைந்து விற்பனையைப் பார்த்து நடுவாந்தரமாக ஒரு விலை எடுங்கள். இங்கே வாங்குகிறவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் கட்டியாக வேண்டும், அதனால் அந்த விலைக்கு மேல் கொஞ்சம் கேட்பதில் தப்பே இல்லை.

தஞ்சாவூர் வாசகர்: 1/48 அளவு (நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு) மிக்-21 போர் விமானக் கிட், வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பழசு என்றால் மதிப்பு கூடுமா?

வயதுக்காக யாரும் காசு தருவதில்லை. 2011-இல் செக் நாட்டு எடுவார்ட் நிறுவனம் இதே அளவில் புது வார்ப்பு அச்சில் மிக்-21 கொண்டுவந்த பிறகு, ஒட்டுவதற்காக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் தேடுகிறார்கள். பெட்டியில் இருக்கும் வருஷத்தையும் நம்ப வேண்டாம், பழைய அச்சையே புதுப் பெட்டியில் போட்டு விற்பது இந்தத் தொழிலில் வழக்கம். ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட் எண்ணைத் தட்டினால் அச்சின் பூர்வீகம் தெரிந்துவிடும். 2025 செப்டம்பரில் நம் விமானப்படை மிக்-21-க்கு விடை கொடுத்தது, அதனால் உங்கள் பெட்டிக்குள் இந்திய அடையாளங்கள் கொண்ட டீக்கல் (மாடல் மேல் ஒட்டும் படத்தாள்) இருந்தால் விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: ஐப்பசி மழையில் பெட்டி நனைந்துவிட்டது, டீக்கலும் மஞ்சளாக இருக்கிறது. தூக்கிப் போடுவதா?

ஐயோ, வேண்டாம்! தண்ணீரால் பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. டீக்கல் வெறுமனே மஞ்சளாகியிருந்தால் ஒரு ஜிப் கவரில் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவையுங்கள், பெரும்பாலும் வெளுத்துவிடும். நனைந்து தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மாற்று டீக்கலுக்கு ஆகும் செலவை விலையில் கழித்துவிடுங்கள். அப்புறம், குறிப்புத்தாளில் உள்ள படத்தை வைத்து பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் பிரேம்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். டாங்க் கிட் என்றால் ரப்பர் மாதிரி இருக்கும் டிராக்கை (சக்கரங்களைச் சுற்றி வரும் பட்டையை) தூக்கிப் பார்ப்பது முக்கியம், வருஷக்கணக்கில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால் பட்ட இடம் உருகிக் குழிந்திருக்கும். ராமபாணப் பூச்சி அரித்த பெட்டியையும் மறைக்காமல் படம் எடுத்துப் போடுங்கள்.

மன்னார்குடி வாசகர்: சீல் பிரித்துப் பார்க்கலாமா?

அபூர்வமான கிட் என்றால் கை வைக்காதீர்கள், சேகரிப்பவர்கள் அந்த சீலுக்கும் சேர்த்துத்தான் காசு தருகிறார்கள். கடையில் இன்னும் கிடைக்கிற கிட் என்றால் தாராளமாகப் பிரியுங்கள், உள்ளே இருக்கும் கவர்களை மட்டும் கிழிக்க வேண்டாம்.