நிழல் கூராவதும் கரைவதும்: படப்பிடிப்பு லைட்டிங் கேள்வி பதில்

கேள்வி: ஜன்னல் கம்பி மாதிரி அட்டையை வெட்டி விளக்குக்கு முன்னால் கட்டினேன். சுவரில் மங்கலான கறைதான் விழுகிறது.

பதில்: அட்டை விளக்கோடு ஒட்டி நிற்கிறது, அதுதான் கோளாறு. அதைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோங்கள், விளக்கைப் பின்னால் தள்ளுங்கள். விளிம்பு கூராகும். நிழல் சிறுத்துவிடும் என்பதால் அட்டையைப் பெரிதாக வெட்ட வேண்டும். முன்னால் வளையம் வளையமான லென்ஸ் உள்ள ஃபிரெனல் விளக்கென்றால் ஃப்ளட்டில், அதாவது ஒளி அகலமாகப் பரவும் நிலையில், வையுங்கள். ஒளி குவியும் ஸ்பாட்டில்தான் நிழல் கூராக விழும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. ஸ்டாண்ட் சாயாதிருக்க அதன் காலில் மணல் மூட்டை கட்டாயம்.

கேள்வி: விளக்குக்கு முன்னால் ஒளியைப் பரப்பும் டிஃப்யூஷன் துணி கட்டியும் மூக்கின் நிழல் கடுமையாகவே இருக்கிறதே?

பதில்: துணியைப் பாருங்கள். நடுவில் மட்டும் பளீரென்று ஒரு பொட்டு தெரிகிறதா? அப்படியென்றால் முகத்துக்கு அந்தப் பொட்டுதான் விளக்கு. துணி முழுக்க ஒளிரும்வரை விளக்கைத் தள்ளி வையுங்கள். அப்புறம் துணியை முகத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். விளக்கு பெரிதானால் நிழல் மென்மையாகும், இங்கே துணிதான் விளக்கு.

கேள்வி: பெரிய விளக்கு என்றால் மென்மை என்கிறீர்கள். சூரியனைவிடப் பெரிய விளக்கு ஏது? வெயில் நிழல் ஏன் கத்தி மாதிரி விழுகிறது?

பதில்: நல்ல கேள்வி. சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர், ஆனால் அது இருப்பது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி. நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம்தான். முகம் நிற்கும் இடத்திலிருந்து விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. மேகம் மூடினால் வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது, நிழல் கரைகிறது.

கேள்வி: இல்லை, மேகம் வெளிச்சத்தைக் குறைப்பதால்தான் நிழல் கரைகிறது.

பதில்: இருட்டறையில் ஒரே ஒரு விளக்கைப் போட்டு டிம்மரில் பாதியாகக் குறையுங்கள். நிழலின் விளிம்பு துளியும் மாறாது. மேகம் வெளிச்சத்தைக் குறைக்கவும் செய்கிறது, ஆனால் விளிம்பு கரைவது ஒளி பரவுவதால். செய்து பார்த்துவிட்டு வாருங்கள், மேலும் பேசலாம்.

கேள்வி: எந்த எல்இடி வாங்கலாம்?

பதில்: மூன்றாவது முறையாக இதே கேள்வி. கையில் இருக்கும் விளக்கே போதும், ஒரு கருப்புத் துணி வாங்குங்கள்.

கேள்வி: எடுத்த காட்சியின் நிறத்தை எப்படிச் சரிசெய்வது?

பதில்: கலரிஸ்ட்டிடம் கேளுங்கள்.

கேள்வி: வெள்ளைச் சுவர் அறை. ஒரே விளக்குதான், ஆனாலும் முகத்தின் மறுபக்கம் இருளவே மாட்டேன் என்கிறது.

பதில்: சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. இருள வேண்டிய கன்னத்தின் பக்கம், ஃபிரேமுக்கு வெளியே, அந்தக் கருப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு இருட்டு. துணி தாங்கும் ஸ்டாண்டுக்கும் மணல் மூட்டை வையுங்கள்.