பழைய காரை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாமா? இன்சூரன்ஸ் எப்படி எடுப்பது?

அப்பா ஓட்டிய 38 வருடத்துக் கார் உங்களிடம் இருக்கிறது. அதை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாமா, இன்சூரன்ஸை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே வேலையைச் செய்தவன் என்பதால் எழுதுகிறேன்.

வயதுக் கணக்கு நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் 30 வருடம் ஆகி, வண்டி பழைய வடிவம் கெடாமல் இருக்கிறது என்று நிபுணர் எழுதிக் கொடுத்தால், நம்பர் பிளேட்டின் கடைசியில் 'எச்' என்ற எழுத்து கிடைக்கும். பிரிட்டனில் 40 வருடம். இந்தியாவில் 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அங்கே ஊர்வலம், கண்காட்சி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரணங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்டம் கிடையாது. ஆகவே உங்கள் 38 வருடக் கார் ஓரிடத்தில் தேறும், இன்னோரிடத்தில் தேறாது. வருடத்தை முதலில் பாருங்கள்.

பதிவுக்குப் பணம் கட்டும் முன்பே இன்சூரன்ஸ்காரரிடம் பேசிவிடுங்கள். பதிவு அனுமதிப்பதை எல்லாம் பாலிசியும் அனுமதிக்கும் என்று நினைக்க வேண்டாம். வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான், இரவில் பூட்டிய ஷெட்டில்தான் நிற்க வேண்டும், அன்றாட ஓட்டத்துக்கு வேறு கார் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வரலாம். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், மதிப்பு. என் காரின் முன் மட்கார்டை ரிவர்ஸ் எடுத்த ஒரு லாரி நசுக்கியது. என்னிடம் இருந்தது சாதாரண பாலிசி. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் தயாரிப்பு வருடத்தைப் பார்த்தார், பழசானதற்குத் தேய்மானம் என்று கழித்தார், ஒரு தொகை எழுதினார். வளைந்துபோன ஹெட்லைட் வளையம் ஒன்றுக்குக்கூட அது காணாது. அந்தத் தகட்டுக்கு மாற்று கடையில் கிடைக்காது. டிங்கரிங் செய்பவர் மரச்சுத்தியலால் தட்டித் தட்டி, விரலால் தடவிப் பார்த்து, பழைய வளைவைக் கொண்டுவர 11 நாள் ஆனது. அவர் வேலையை இன்றும் பெருமையாகக் காட்டுவேன், ஆனால் முழுச் செலவும் என் பையிலிருந்துதான் போனது.

அதனால் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' அடிப்படையில் பாலிசி கிடைக்குமா என்று கேளுங்கள். வண்டி திருடு போனாலோ முழுதாக அழிந்தாலோ கொடுக்க வேண்டிய தொகையை இரு தரப்பும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வது அது. மதிப்பீட்டாளர் சான்றிதழ், உள்ளும் புறமும் அடியிலும் எடுத்த படங்கள், இதுவரை செய்த வேலைகளின் பில்கள் எல்லாம் கேட்பார்கள். பழைய வண்டியின் விலை ஏறவும் செய்யும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்யுங்கள். முழுச் சேதம் என்று முடிவானால் வண்டியின் மிச்சத்தை நாமே வைத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். எனக்கு அது பணத்தைவிடப் பெரிய கேள்வியாக இருந்தது.

அப்புறம் சேசிஸ் நம்பர். என் பதிவுப் புத்தகத்தில் அதன் ஓர் இலக்கம் 3 என்று இருந்தது, வண்டியில் அடித்திருந்தது 8. பல அடுக்குப் பெயின்ட்டுக்குக் கீழே கிடந்ததால் யாரும் கவனிக்கவில்லை. திருத்தி வாங்க நான்கு மாதம் ஆனது. அதுவரை பாலிசியும் நகரவில்லை. நீங்கள் விண்ணப்பம் வாங்கும் முன், அந்த இடத்தைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். எழும்பி வரும் எண்களைப் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். இன்ஜின் நம்பருக்கும் அப்படியே.