கூரையில் சோலார் இருந்தும் கரண்ட் போனால் ஃபேன் நிற்பது ஏன்?

2024 பிப்ரவரியில் வீட்டுக் கூரை சோலாருக்கான மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் வந்தபோது, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்ற செய்தியைப் பார்த்துப் பேனல் போட்டவர்கள் பலர். முதல் மின்வெட்டில், வெயில் கொளுத்தும்போதே ஃபேன் நின்றதும் "ஏமாத்திட்டாங்க" என்று கொதிக்கிறார்கள். கோபம் நியாயம்தான், விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இது பழுதல்ல.

பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றி, தெரு லைனோடு இணைக்கும் கருவி), லைனில் வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு ஒத்துத்தான் ஓடும். லைன் போனதும் தானே நின்றுவிடும். நிற்காவிட்டால் உங்கள் கூரை மின்சாரம் தெருக் கம்பியில் பாயும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கே ஆபத்து.

மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் லைன் இல்லாதபோது பேட்டரியோடு ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும், செலவு கூடும். எப்போதாவதுதான் கரண்ட் போகுமென்றால், வீட்டிலுள்ள பழைய யூபிஎஸ்ஸே லைட், ஃபேனுக்குப் போதும்.