திருட்டுப்போன ஒயரும் காவல்துறைச் செலவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தருமபுரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இரண்டரை ஏக்கரில் தக்காளி போட்டு, பாலக்கோடு மண்டிக்கு அனுப்புகிறவன் நான். அதற்கு முன் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றேன். சென்ற மாதம் என் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் செம்பு ஒயரை இரவோடு இரவாக யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். புது ஒயர் வாங்கி இழுக்க 14,000 ரூபாய் ஆயிற்று. புகார் கொடுத்தேன். ஒரு எஸ்.எஸ்.ஐ.யும் (சிறப்பு உதவி ஆய்வாளர்) ஒரு காவலரும் ஆறு நாள் வந்தார்கள். பழைய இரும்புக் கடைகளில் விசாரிக்க என்னையும் உடன் அழைத்துப் போனார்கள். இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.

பழக்கதோஷத்தில் அவர்கள் இருவரின் சம்பளத்தை நாள் கணக்கில் போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு சுமார் 3,400 ரூபாய், ஆறு நாளுக்கு 20,400 ரூபாய். (வண்டிக்குப் பெட்ரோல், ஒரு ரீம் பேப்பர், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 640 ரூபாய் நான் கொடுத்தேன், அதை இதில் சேர்க்கவில்லை.) 2022-23 நிதிநிலை அறிக்கையில் காவல்துறைக்கு ஒதுக்கியது 10,285 கோடி ரூபாய். 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்கள்தொகை 7.21 கோடி. தலைக்கு 1,426 ரூபாய் ஆகிறது. போன பொருளைவிடத் தேடும் செலவு அதிகமென்றால், அந்தப் பணத்தை இழந்தவனிடமே கொடுத்துவிட்டுப் போகலாமே? புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு ஒரு மாதம் ஓடிவிட்டது. "புது ஒயர் போட்டுட்டீங்க இல்ல சார்" என்கிறார்கள். புகாரைத் திரும்பப் பெற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

மு.,
தருமபுரி மாவட்டம்

*

அன்புள்ள மு. அவர்களுக்கு,

உங்கள் வகுத்தலில் பிழை இல்லை. தலைக்கு 1,426 ரூபாய் என்பதை மேலும் 365ஆல் வகுத்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு ரூபாய்கூட ஆகவில்லை. கடைத்தெருவில் ஒரு டீயின் விலையில் பாதிகூட இல்லாத தொகை அது. ஆனால் இப்படி வகுத்து வரும் எண்ணை வைத்துக்கொண்டு அதிகம் என்றோ குறைவு என்றோ என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பணம் எதற்காகச் செலவாகிறது என்பதை அந்த எண் காட்டுவதே இல்லை.

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை எண் 22 என்று ஆண்டுதோறும் வைக்கப்படுவது காவல்துறையின் செலவு. அதன் பெரும்பகுதி சம்பளமும் படிகளும்தான். உங்கள் நிலத்துக்கு வந்த எஸ்.எஸ்.ஐ. அந்த ஆறு நாளும் நிலையத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாலும் அவருக்குரிய சம்பளம் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே 20,400 ரூபாய் உங்கள் ஒயருக்காக ஆன செலவல்ல, உங்கள் ஒயர் திருடு போகாவிட்டாலும் ஆகியிருக்கக்கூடிய செலவு. உங்கள் வழக்குக்கென்றே தனியாக ஆனது பெட்ரோல், பேப்பர், ஜெராக்ஸ் ஆகிய மூன்றும்தான். அந்த 640 ரூபாயை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் ஒதுங்கிக் கிடந்த அந்த வரிதான் என்னை நிறுத்தி வைத்தது. யானையை விலைக்கு வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசியது போல, ஆட்களுக்கு ஆயிரக்கணக்கான கோடி கொடுக்கும் அரசு, அந்த ஆள் ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு பத்துக் கிலோமீட்டர் போய்வரத் தேவைப்படும் சில்லறையை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறது. அந்த யாராவது பெரும்பாலும் புகார் கொடுத்தவர்தான். சில சமயம் அந்தக் காவலரேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் அரூரிலிருந்து சேலம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு காவலர்கள் ஓர் இளைஞனை நடுவில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். மஞ்சவாடிக் கணவாய்க்கு முன்னால் வண்டி நின்றபோது இளையவர் இறங்கி மூன்று டீயும் ஒரு பொட்டலம் பன்னும் வாங்கி வந்தார். கைதி பன்னை டீயில் நனைத்து நிதானமாகத் தின்றான், காலையிலிருந்து சாப்பிடவில்லை போலிருந்தது. "டி.ஏ. பில்லுல சேத்துக்கலாமா ஏட்டய்யா?" என்று இளையவர் கேட்க, மூத்தவர் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "போன வருஷப் பில்லே இன்னும் வரல" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள், கைதி உட்பட. ஒரு கைதிக்கான வழிக்காவல் செலவு எவ்வளவு என்று அரசு ஆவணத்தில் தேடினால் ஒரு தொகை இருக்கும், ஆனால் அந்தப் பன்னின் விலை அதில் இருக்காது.

இழந்தவருக்கே பணத்தைக் கொடுத்துவிடலாமே என்ற உங்கள் யோசனை கணக்கருக்கே உரிய நேர்மையான யோசனை. ஆனால் உங்கள் இழப்பு 14,000 ரூபாய்தானா? பூவும் பிஞ்சுமாக இருக்கும் தக்காளிக்கு நான்கைந்து நாள் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். திருடியவனுக்குக் கிடைத்ததோ அதில் ஒரு சிறு பங்கு. ரப்பரை எரித்துச் செம்பை மட்டும் உருட்டிக் கொண்டுபோனால் எடைக்கு விலை, அதிலும் கேள்வி கேட்காமல் வாங்குகிறவர் தன் அபாயத்துக்குக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார். ஒயர் திருட்டில் பிடிக்க வேண்டிய ஆள் இரவில் வெட்டுகிறவன் மட்டுமல்ல, எரிந்த செம்பை எடை போட்டு வாங்குகிறவரும்தான். காவலர்கள் அந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் சுற்று வட்டாரத்தில் இருபது மோட்டார்களாவது தப்பிக்கும். உங்கள் எஸ்.எஸ்.ஐ. இரும்புக் கடைகளுக்குப் போனது சரியான இடத்துக்குத்தான், ஆனால் ஆறு நாளில் அது முடியாது. ஏழாவது நாள் அவரை வேறெங்கோ பந்தோபஸ்துக்கு அனுப்பியிருப்பார்கள்.

காவல்துறைக்கு ஒதுக்கும் பணம் முழுவதும் குற்றத்தைத் துப்பறிய ஒதுக்கும் பணம் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கலில் நிற்கும் காவலர்களை எண்ணிப் பாருங்கள். காவிரியில் தண்ணீர் கூடிக் குளிக்கத் தடை போட்டால் அன்று இன்னும் அதிகம் பேர் வேண்டும். 2016 செப்டம்பரில் காவிரி நீரை முன்னிட்டுப் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் எரிந்தபோது ஓசூர் எல்லையில் இரவும் பகலும் நின்றவர்கள் எந்தக் குற்றத்தையும் துப்பறியவில்லை, ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டார்கள். கர்நாடக மதுப் பாக்கெட்டுகள் கடத்திவரப்படாமல் ஓசூர் எல்லையிலுள்ள ஜூஜூவாடி வழியிலும் மலைப்பாதைகளிலும் காத்திருப்பவர்களின் வேலையில் பாதி, மது விற்பதைத் தானே வைத்துக்கொண்டிருக்கும் அரசின் வருமானத்தைக் காப்பது என்று சொன்னால் அது அத்தனை அநியாயமான பேச்சாகாது. அந்தக் கடத்தலில் பிடிபட்ட இரு சக்கர வாகனங்கள் எத்தனையோ நிலையங்களின் பின்புறம் கோவைக் கொடி படர்ந்து, டயர் மண்ணில் புதைந்து, ஏல அறிவிப்புக்குக் காத்துக்கிடக்கின்றன. சட்டம் ஒழுங்கையும் புலன் விசாரணையையும் தனித்தனியாகப் பிரியுங்கள் என்று, காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இலேயே சொன்னது. இன்றும் ஊர்ப்புற நிலையங்களில் இரண்டையும் ஒரே ஆள்தான் பார்க்கிறார்.

காவலை மலிவாக முடித்துக்கொள்ளும் ஆசை நம் பகுதிக்குப் புதிதல்ல. 1792இல் திப்பு சுல்தானுடனான சீரங்கப்பட்டண உடன்படிக்கையால், தருமபுரி, கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தபோது அதை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக வந்து தருமபுரியில் தங்கியிருந்தவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் அவர் தலைமையேற்ற குழுவின் யோசனைப்படி 1816இல் வந்த ஒழுங்குமுறைச் சட்டம், கிராமக் காவலை மணியக்காரரிடமும் தலையாரியிடமும் ஒப்படைத்து, மேலதிகாரத்தைக் கலெக்டரிடம் வைத்தது. தலையாரிக்குக் களத்தில் தானியம், கொஞ்சம் மானியம், அவ்வளவுதான். கும்பினிக்குப் பெரிய செலவு இல்லை. வரி வசூலிக்கிறவரே காவலும் பார்த்தார். விளைவு என்ன என்பதை 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு எழுதி வைத்தது. வரி பாக்கிக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் மக்களை வெயிலில் குனிய வைத்ததும் விரல்களை நெரித்ததும் அந்த அறிக்கையில் இருக்கின்றன. அதன் பிறகே 1859இல் தனியான, சம்பளம் பெறும் போலீசுக்குச் சட்டம் வந்தது. துப்புத் துலக்கக் காசும் நேரமும் இல்லாத இடத்தில் அடித்து வாங்குகிற வாக்குமூலம் மலிவாகத் தெரியும், அன்றும் இன்றும்.

மலிவாகத் தெரிந்ததின் பில் பிறகு வரும். நம் மாவட்டத்தில் வாச்சாத்தியைவிட வேறு சாட்சி வேண்டாம். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். பின்னர் வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துவிட, மீதமிருந்த 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே நாளில் உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளி, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் கொடுக்கவும், அதில் பாதியை அந்தக் குற்றத்தைச் செய்தவர்களிடமே வசூலிக்கவும் உத்தரவிட்டது. முப்பத்தோராண்டு விசாரணை, சாட்சிகள் அரூருக்கும் தருமபுரிக்கும் கூலியை விட்டு நடந்த நடை, வக்கீல், கோர்ட், இழப்பீடு இவற்றையெல்லாம் ஒன்றாகக் கூட்டி வைக்கும் கணக்குத் தலைப்பு அரசிடம் கிடையாது. வீரப்பனைத் தேடிய ஆண்டுகளின் செலவைப் பேசுகிறவர்கள், 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே அவர் சுடப்பட்ட பிறகு சிறப்பு அதிரடிப்படையினருக்கு அறிவிக்கப்பட்ட தலா 3 லட்சத்தையும் வீட்டுமனையையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தேடுதலில் சித்திரவதைப்பட்டவர்களுக்காகத் தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் வழங்கச் சொன்ன 2.80 கோடியை அதே கணக்கில் எழுதுவதில்லை.

உங்கள் வழக்குக்கு வருகிறேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சட்டத்தின் 173ஆம் பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் டி.எஸ்.பி.யின் அனுமதியோடு முதல்கட்ட விசாரணை நடத்தலாம் என்கிறது, ஆனால் அதற்கு 14 நாள்தான் கெடு. திருட்டுக்கு மூன்றாண்டு வரை தண்டனை உண்டு என்பதால் உங்கள் புகாரும் அதில் அடங்கும். ஒரு மாதமாக சி.எஸ்.ஆர். ரசீதோடு நிறுத்தி வைத்திருப்பதற்கு அந்தப் பிரிவில் இடமில்லை. எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். பதிவான பிறகு 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியதும் அவர்கள் கடமை. புகாரைத் திரும்பப் பெற்றால் அந்த இரும்புக் கடைக்காரர்தான் நிம்மதியாகத் தூங்குவார்.

எஸ்.பி.க்கு எழுதும்போது எஸ்.எஸ்.ஐ. மேல் குறை சொல்லாதீர்கள், ஆறு நாள் வெயிலில் அலைந்தவர் அவர். நீங்கள் கொடுத்த 640 ரூபாயை மட்டும் தேதிவாரியாக, பெட்ரோல் இவ்வளவு, பேப்பர் இவ்வளவு, ஜெராக்ஸ் இவ்வளவு என்று பிரித்து, கூட்டுறவுச் சங்கத்தில் எழுதிய அதே கையெழுத்தில் ஒரு தனித்தாளில் இணைத்து அனுப்புங்கள். அதன் நகல் ஒன்றை எனக்கும் அனுப்பினால் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்