நிலத்தை அடகு வைத்துப் படம் எடுக்கலாமா?

கேள்வி: நான் சாத்தூருக்கு அருகிலுள்ள கிராமத்தைச் சேர்ந்தவன், இரண்டு குறும்படங்கள் இயக்கியிருக்கிறேன். தீப்பெட்டித் தொழிலாளர்களைப் பற்றிய முழுநீளப் படத்துக்குத் திரைக்கதை தயாராக இருக்கிறது. 60 லட்சம் ரூபாய் வேண்டும். அப்பாவின் நிலப் பத்திரத்தை ஈடாக வாங்கிக்கொண்டு மூன்று வட்டிக்கு 40 லட்சம் தர ஒரு ஃபைனான்சியர் முன்வந்திருக்கிறார். மீதி 20 லட்சத்தை ஊரில் ஆளுக்குப் பத்தாயிரம் வீதம் வசூலித்து, படம் வெளியானதும் இரு மடங்காகத் திருப்பித் தரலாம் என்று நினைக்கிறேன். இது சரிவருமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புள்ள நண்பருக்கு, பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால் 40 லட்சத்துக்கு மாதம் 1 லட்சத்து 20 ஆயிரம் ஆகிறது. படப்பிடிப்பு, படத்தொகுப்பு, ஒலிக்கலவை, தணிக்கை எல்லாம் முடிந்து தேதி கிடைத்து வெளியாக ஒன்றரை ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொண்டால், வட்டி மட்டுமே 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிடும். அதில் ஒரு ரூபாய்கூடத் திரையில் தெரியாது. பெரிய நடிகரின் படத்துக்கு வெளியீட்டுக்கு முன்பே விநியோகஸ்தரின் முன்பணமும் தொலைக்காட்சி உரிமைத் தொகையும் வந்து கடனை அடைத்துவிடுவதால் அங்கே இந்த வட்டிக்கணக்கு ஓரளவு ஓடுகிறது. புதுமுகங்கள் நடிக்கும் உங்கள் படத்துக்கு அப்படி எதுவும் முன்கூட்டி வராது. ஓடிடி நிறுவனங்களும் பெயர் அறியாத சிறு படத்தை இப்போது எளிதில் முன்பணம் கொடுத்து வாங்குவதில்லை.

ஊரில் வசூலிக்கும் யோசனை இன்னும் ஆபத்தானது. இவ்வளவு தருகிறேன் என்று உறுதி சொல்லிப் பொதுமக்களிடம் பணம் வாங்கினால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படக்கூடும். அப்போது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஆகிய இரண்டின் பிடியிலும் நீங்கள் சிக்க நேரலாம். கம்பெனி தொடங்கிப் பங்காகத் தரலாமே என்றால், தனியார் நிறுவனம் ஓராண்டில் 200 பேருக்கு மேல் பங்கு தர முன்வரக் கூடாது, அதற்காக ஊரறிய விளம்பரம் செய்யவும் கூடாது.

கூட்டு நிதியில் எடுத்த படங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். கன்னடத்தில் 2013இல் வெளியான ‘லூசியா’வுக்கு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பணம் போட்டார்கள். ஆனால் அதன் இயக்குநர் பவன் குமார் அதற்கு முன்பே ஒரு படத்தை இயக்கி வெளியிட்டுப் பெயர் பெற்றிருந்தார். 1976இல் ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தார்கள். கொடுத்தவர்களை ஏற்கெனவே ஒன்றுசேர்த்து வைத்திருந்த கூட்டுறவுச் சங்கம் அதன் பின்னால் இருந்தது.

ஆகவே உங்களுக்கு வேண்டியது, படம் ஓடாவிட்டால் நஷ்டத்தைத் தானும் ஏற்கும் பணம். நஷ்டப்பட்டாலும் குடும்பம் தள்ளாடாத ஐந்தாறு பேரை, சிவகாசி வட்டாரத்துத் தொழில்முனைவோரோ உங்கள் கல்லூரி நண்பர்களோ யாராயினும், கூட்டாளிகளாகச் சேருங்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை நிறுவனம், அதாவது எல்எல்பி, ஒன்றைப் பதிவு செய்தால், பொதுவாக அவரவர் போட்ட தொகையோடு பொறுப்பு நின்றுவிடும். வருகிற முதல் ரூபாய் யாருக்குப் போகிறது, போட்ட முதலீடு திரும்பிய பிறகு லாபம் எந்த விகிதத்தில் பிரிகிறது, உங்கள் சம்பளம் எப்போது என்பதை ஆடிட்டரை வைத்து எழுதிக் கையெழுத்து வாங்கிய பின்பே கேமராவை வாடகைக்கு எடுங்கள். போட்ட பணம் முழுவதும் போகலாம் என்ற வரியும் அதில் கட்டாயம் இருக்கட்டும். அதைப் படித்துவிட்டு ஒருவர் விலகினால் அவர் விலகுவதே உங்கள் இருவருக்கும் நல்லது.

அடுத்து, அந்த 60 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். முதல் பிரதி, அதாவது திரையிடத் தயாரான முழுப் படம், வரைக்குமான செலவைத்தான் பெரும்பாலோர் பட்ஜெட் என்கிறார்கள். சுவரொட்டி, விளம்பரம், திரையரங்க டிஜிட்டல் கட்டணம் ஆகியவற்றுக்குக் கையில் காசில்லாமல் முடிந்த படத்தைப் பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். மூன்றில் ஒரு பங்கையாவது வெளியீட்டுக்கென்று தொடாமல் வையுங்கள். மீதியில் எடுக்கும்படி திரைக்கதையைச் சுருக்குங்கள். இடங்களும் இரவுக் காட்சிகளும் குறைந்தாலே நாட்கள் குறையும்.

எல்லாப் பணமும் ஒரே நாளில் வேண்டியதுமில்லை. படப்பிடிப்புக்குப் போதுமான தொகை சேர்ந்ததும் எடுத்து, முதற்கட்டப் படத்தொகுப்பை முடித்துக்கொண்டு, நவம்பரில் கோவாவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் நடத்திவரும் ஃபிலிம் பஜாருக்கு, முடிவுறாத படங்களுக்கான பிரிவில் விண்ணப்பியுங்கள். விழாத் தேர்வாளர்களும் விற்பனை முகவர்களும் வரும் இடம் அது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி, இன்னும் எடுக்காத திரைக்கதைக்கும் உதவுகிறது. போட்டி கடுமை என்றாலும் வட்டி கேட்காத பணம் என்பதால் முயலத் தகுந்தது. தமிழக அரசின் சிறு முதலீட்டுப் பட மானியத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; அது படம் வெளியாகி, தேர்வுக் குழு பார்த்த பிறகு வருவது.

கடைசியாக ஒன்று. நண்பர்கள்தானே என்று எண்ணாமல், கதை, வசனம், இசை, பாடல் ஆகியவற்றின் உரிமையை ஒவ்வொருவரிடமிருந்தும் நிறுவனத்தின் பெயருக்கு எழுத்தில் வாங்கிவிடுங்கள். பின்னால் படத்தை வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்தக் காகிதங்களைத்தான்.