பதினாறு குதிரைகளும் ஒரு திருகும்

கேள்வி: ஞாயிறுதோறும் நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன் (நடத்துபவர் கதை சொல்ல, மற்றவர்கள் பாத்திரங்களாக ஆடும் விளையாட்டு). மந்திர வாள், மந்திர மோதிரம் எல்லாம் சலித்துவிட்டன. 17-ஆம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்புகளைக் கதைக்குள் கொண்டுவர ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்? (வாசகர், திருச்சி)

பதில்: ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத்திலிருந்து தொடங்குங்கள். முப்பதாண்டுப் போரின்போது 1631-இல் அந்த ஊரை எரித்தார்கள். சுமார் 20,000 பேர் செத்தார்கள். தப்பிப் பிழைத்த ஓட்டோ ஃபான் கெரிக்கே என்ற பொறியாளர், ஊரைத் திரும்பக் கட்டும் வேலையில் இறங்கினார், பிறகு அதற்கு மேயரும் ஆனார். காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்பைச் செய்தவரும் அவர்தான். 1657-இல் இரண்டு செம்பு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுக்கவைத்தார். குதிரைகள் திணறின. கோளத்தின் குறுக்களவு என்னவோ சுமார் 50 சென்டிமீட்டர்தான். ஆனால் அதை வெளிக்காற்று அழுத்திப் பிடித்த விசை ஏறக்குறைய இரண்டு டன் எடைக்குச் சமம். கோளத்தில் காற்று வழியை அடைத்திருக்கும் திருகைத் திறந்து காற்றை உள்ளே விட்டால் போதும், கையாலேயே பிரித்துவிடலாம்.

போன வருடம் எங்கள் மொட்டைமாடி ஆட்டத்தில் இதை வைத்தேன். கோளத்துக்குள் இறந்துபோன அரசனின் உயில். அதைத் திறக்க கோடரி, நெருப்பு மந்திரம், ஒரு ராட்சதனின் உதவி என்று ஒன்றரை மணி நேரம் ஓடியது. முதல்முறை ஆட வந்திருந்த என் அக்கா மகள், "மாமா, அந்தத் திருகு எதுக்கு?" என்று கேட்டாள். அன்றைக்கு எழுந்த கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருள் என்ன செய்யும் என்பதோடு, அதற்கு என்னவெல்லாம் தேவை என்றும் யோசியுங்கள். கோளத்தின் வாய் காற்றுப் புகாமல் இருக்க, மெழுகிலும் டர்பன்டைனிலும் ஊறவைத்த தோல் வளையம் வேண்டும். எரிந்துபோன ஊரில் டர்பன்டைன் யாரிடம் இருக்கும்? அதைத் தேடிப் போவதே ஒரு நாள் ஆட்டத்துக்கு வரும்.

கேள்வி: என் குழுவில் ஒருவர் இன்ஜினியர். "இது காற்றழுத்தம்" என்று உடனே சொல்லிவிடுவாரே? (அதே வாசகர்)

பதில்: சொல்லட்டும், அவருக்கும் அது சந்தோஷம்தானே. அப்புறம் அவரை டிரெபல் பக்கம் அழைத்துப் போங்கள். கோர்னேலிஸ் டிரெபல், ஹாலந்துக்காரர். 1620-களில் லண்டனில் தேம்ஸ் ஆற்றின் அடியில் படகு ஓட்டியவர். மரப்படகு, மேலே கொழுப்புத் தடவிய தோல், துடுப்பு போட ஆட்கள். உள்ளே மூச்சுக் காற்று கெடும்போது ஒரு புட்டியைத் திறப்பார், காற்று மறுபடி தெளியும் என்று பல வருடம் கழித்து ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி எழுதினார். வெடியுப்பைச் சூடாக்கி ஆக்ஸிஜன் எடுத்திருக்கலாம் என்பது பின்னால் வந்தவர்களின் ஊகம். புட்டியில் என்ன இருந்தது என்று உங்கள் இன்ஜினியராலும் அடித்துச் சொல்ல முடியாது.

கடைசிக் காலத்தில் டிரெபல் லண்டனில் ஒரு மதுக்கடை நடத்தினார், 1633-இல் இறந்தார். முதல் காட்சியை அந்தக் கடையிலேயே வையுங்கள். கிழவர் போய்ச் சேர்ந்து மூன்று நாள் ஆகிறது, அலமாரியில் புட்டி இல்லை, ஆற்றங்கரையில் கட்டியிருந்த படகையும் காணோம்.