வெளிநாட்டுப் பயணத்தில் வீட்டாருக்கு அடிபட்டால், எம்.பி.பி.எஸ். மாணவர் எதுவரை கை வைக்கலாம்?

கேள்வி: ஸ்டான்லியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், வீடு தண்டையார்பேட்டை. அம்மாவுக்கு 54 வயது, சுகர் மாத்திரை போடுகிறார். ஆயாவுக்கு 76, இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அடுத்த மாதம் எல்லோரும் மலேசியா போகிறோம், பத்துமலையும் உண்டு. யாராவது விழுந்தால் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் எதுவரை பார்க்கலாம்?

பதில்:

முதலுதவி, பரிசோதனை, குறிப்பு எழுதுவது. இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே மெடிக்கல் கவுன்சிலில் பதிவு பெற்ற டாக்டரே மலேசியாவில் தனியாகப் பதியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. உங்களுக்கு இங்கேயும் இன்னும் பதிவு கிடையாது. அதனால் கோணிய எலும்பை இழுத்து உட்காரவைப்பது, ஊசி போடுவது, "நான் டாக்டர்" என்று சொல்லி படிவத்தில் கையெழுத்திடுவது எதுவும் வேண்டாம். அம்மா சுயநினைவோடு இருந்தால் சம்மதக் கையெழுத்து அவருடையதுதான்.

பத்துமலையில் 272 படி. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் வழுக்கும். விழுகிறவர் கையை ஊன்றுவார், மணிக்கட்டு எலும்பு உடையும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது மிகச் சாதாரணம்.

கையைத் தொடும் முன் "ஏன் விழுந்தீங்க?" என்று கேளுங்கள். முருகனைப் பார்த்துவிட்டுத்தான் டிபன் என்று வெறும் வயிற்றில் ஏறுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சுகர் மாத்திரையோடு அது ஆபத்து. குளுக்கோமீட்டர் கைப்பையிலேயே இருக்கட்டும், ஹோட்டல் பெட்டியில் வேண்டாம். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தலையில் அடிபட்டதா, கழுத்து வலிக்கிறதா என்பதும் இப்போதே. ஆயாவுக்குத் தலை லேசாக இடித்திருந்தாலும், "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று அவர் சிரித்தாலும், அன்றைக்கே மருத்துவமனை. ரத்தம் உறையாத மாத்திரை போடுகிறவருக்கு மண்டைக்குள் கசிவு மெதுவாகக் கூடி, மணிக்கணக்கில் தாமதித்துத்தான் வெளியே தெரியலாம். விழுந்தவரால் எழ முடியாமல், ஒரு கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவு. நாலு பேர் சேர்ந்து தூக்கி உட்காரவைக்காமல் 999-க்குக் கூப்பிடுங்கள்.

இனி கை. வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் வீக்கம் ஏறுவதற்குள் கழற்றுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அரை மணி கழித்து விரல் நீலமாகி, தங்க மோதிரத்தை வெட்ட வேண்டிவரும். கால் என்றால் மெட்டி.

பிறகு நரம்பும் ரத்த ஓட்டமும். ரேடியல் பல்ஸ், அதாவது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்து நாடித்துடிப்பைப் பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். உணர்ச்சிக்கு மூன்று நரம்புகள்: ஆள்காட்டி விரல் நுனி மீடியன், சுண்டுவிரல் நுனி அல்னார், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே புறங்கைப் பக்கம் ரேடியல். அசைவுக்கு, அதே வரிசையில், கட்டைவிரலும் ஆள்காட்டியும் சேர்த்து வட்டம், விரல்களை அகல விரிப்பது, கட்டைவிரலை மேலே தூக்குவது. நேரத்தோடு போனில் குறித்துக்கொள்ளுங்கள். "10.40-க்கு மீடியன் சரியாக இருந்தது, 12 மணிக்கு மரத்துவிட்டது" என்ற ஒரு வரி அங்குள்ள டாக்டருக்கு மிகவும் உதவும்.

கட்டு போட மடித்த வார இதழ் போதும். முழங்கைக்குச் சற்றுக் கீழிருந்து உள்ளங்கை நடுவரை கையை எப்படி இருக்கிறதோ அப்படியே தாங்கவேண்டும்; விரல்கள் வெளியே, மடக்க முடிகிற மாதிரி. துப்பட்டாவால் முறிவுக்கு மேலும் கீழும் கட்டுங்கள், முறிவின் மீது வேண்டாம். கட்டிய பிறகு மேலே சொன்ன பரிசோதனை முழுவதும் மறுபடி. மரப்பு கூடியிருந்தால் கட்டைத் தளர்த்துங்கள். துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம். கை நெஞ்சுயரத்தில். தைலம் போட்டு நீவிவிடுவது கூடவே கூடாது, கூட வந்த அத்தை எவ்வளவு சொன்னாலும்.

வலிக்கு பாராசிட்டமால் 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆயாவுக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். சுகர் குறைந்திருந்தாலொழிய சாப்பாடு கொடுக்காதீர்கள். மயக்கம் கொடுக்க வேண்டியிருந்தால் திட உணவுக்கு ஆறு மணி நேர இடைவெளி கேட்பார்கள்.

பத்துமலைக்குப் பக்கத்திலேயே செலாயாங் அரசு மருத்துவமனை இருக்கிறது. அவசரப் பிரிவின் பலகையில் 'கெச்செமாசான்' என்றிருக்கும். வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், அட்மிஷன் என்றால் முன்பணம். இன்சூரன்ஸ் எடுத்திருப்பீர்கள், பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணுக்கு அட்மிஷனுக்கு முன்பே தகவல் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் கிளெய்மில் இழுபறி. அசல் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே சி.டி. மூன்றையும் அங்கிருந்து கிளம்பும் முன் வாங்குங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களும் மாத்திரைகளும் ஜெனரிக் பெயரில் (மருந்தின் மூலப் பெயரில்) ஒரு தாளில் இருக்கட்டும். இங்கே விற்கும் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

எக்ஸ்ரே நார்மல் என்றாலும் அனடாமிக்கல் ஸ்னஃப்பாக்ஸில் (கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டுப் பக்கம் உள்ள குழியில்) அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியானால் ஸ்கேஃபாய்ட் என்ற மணிக்கட்டுச் சிற்றெலும்பில் முறிவு இருப்பதாகவே வைத்துக் கட்டு போடுவார்கள்; 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே.

குரங்குக் கடியையும் சொல்லிவிடுகிறேன், பத்துமலையில் படியை விட அவை தொல்லை. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசி. போட்ட தேதியும் மருந்தின் பெயரும் இருந்தால் மீதியைச் சென்னையில் தொடரலாம்.

ஆபரேஷன் அங்கேயா, இங்கேயா என்ற கேள்வி கட்டாயம் வரும். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலோ, கை குளிர்ந்தாலோ, எலும்பைச் சேர்த்த பிறகும் மரப்பு நீடித்தாலோ அங்கேதான். விரலை நீட்டிவிட்டாலே உயிர் போகிற வலி என்றால் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம், அதாவது வீக்கத்தின் அழுத்தத்தால் தசைக்கு ரத்தம் போகாத நிலை; அதற்கும் அங்கேதான். பல்ஸ் இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது, பல்ஸ் கடைசியில்தான் போகும். மற்றபடி மூடிய முறிவை அங்கே சேர்த்து, முழு மாவுக் கட்டுக்குப் பதில் ஒருபக்க ஸ்லாப் போட்டு, இரண்டு வாரத்துக்குள் இங்கே ஆபரேஷன் செய்துகொள்வதில் தவறில்லை. அங்குள்ள டாக்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். விமானத்தில் வீக்கம் கூடும். முழு மாவுக் கட்டு போட்டு 48 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் நீளவாக்கில் பிளந்துவிடச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பியதும் தெருவில் நாலு பேர் புத்தூர் கட்டுக்குக் கூப்பிடுவார்கள். வீங்கிய கையில் மூங்கில் பத்தையை இறுக்கிக் கட்டினால் தசை செத்துப்போகும் அபாயம் உண்டு. உங்கள் கல்லூரியிலேயே நாடறிந்த கை அறுவைச் சிகிச்சைத் துறை இருக்கிறது. முறிந்த ஏழாம் நாள் வாக்கில் ஒரு எக்ஸ்ரே எடுத்து, சேர்த்த எலும்பு நழுவியிருக்கிறதா என்று அங்கே பார்த்துவிடுங்கள்.